வீட்டுக்காரர் மாறினால் குடியிருப்பவருக்கு விடுதலையா?

பெங்களூரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரத்தில் தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே வாடகைக்குக் குடியிருப்போருக்கு ஓர் உண்மை அனுபவத்தில் தெரியும். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் வாடகை உயரும். கொடுக்க இயலாதவர், வெள்ளையடிக்கும் செலவு கழிக்கப்பட்ட அட்வான்ஸ் தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். அங்கே வேறொரு வீட்டுக்காரர் இருப்பார். பதினோரு மாதம் கழித்து அவரும் வாடகையை உயர்த்துவார்.

சமூக ஊடகப் பெருநிறுவனங்களை விட்டு வெளியேறுவோம் என்ற குரல் கடந்த சில ஆண்டுகளாக உரத்து ஒலிக்கிறது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கியபின் உலகெங்கும் பல லட்சம் பேர் மஸ்டடான் போன்ற மையமற்ற வலைப்பின்னல்களுக்குச் சென்றனர். இடதுசாரி அணிகளிலும் இதுகுறித்து இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. மக்கள் இருக்கும் இடத்தில்தான் நாம் இருக்க வேண்டும், மற்றவை வீண் வேலை என்பது ஒன்று. கணக்கை மூடிவிட்டு வெளியேறினால் போதும், சுதந்திரம் கிட்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே சொத்துடைமை என்னும் கேள்வியைத் தொடாமல் நழுவுகின்றன.

முதல் கருத்தினர் லிங்கராஜபுரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள தேவர ஜீவனஹள்ளியையும் காடுகொண்டனஹள்ளியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 11 இரவு, இஸ்லாமியரின் இறைத்தூதரை இழிவுபடுத்தும் ஒரு ஃபேஸ்புக் பதிவைத் தொடர்ந்து அங்கே வன்முறை வெடித்தது. தலித் சமூகத்தைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் அகண்ட சீனிவாசமூர்த்தியின் வீடு எரிக்கப்பட்டது. காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் மாண்டனர். பின்னர் ஊபா சட்டம் பாய்ந்தது. வன்முறையில் இறங்கியவர்களின் குற்றத்தை எவரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிவு உலவிய மேடையின் உரிமையாளர் அந்தப் பகுதி மக்களுக்கு எந்தக் கணக்கும் சொல்லக் கடமைப்படவில்லை. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. தெலங்கானா பாஜக சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங் மீது வெறுப்புப் பேச்சு விதிகளைப் பயன்படுத்துவதை, வணிகத்துக்குக் கேடு என்று சொல்லி, ஃபேஸ்புக்கின் இந்தியக் கொள்கைப் பிரிவுத் தலைவர் அங்கி தாஸ் எதிர்த்தார் என்பதே அச்செய்தி. அதே ஆண்டு ஏப்ரலில்தான் அந்நிறுவனம் ஜியோவில் 43,574 கோடி ரூபாயை முதலீடு செய்வதாக அறிவித்திருந்தது. மக்கள் இருக்கும் இடம் என்று சொல்லும்போது, அந்த இடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இரண்டாவது கருத்துக்கு இந்தியாவிலேயே ஒரு சோதனை நடந்துவிட்டது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அவர் முகப்பில் வைத்திருந்த படம் ஆகஸ்ட் லாண்ட்மெசர் என்று பரவலாகக் கருதப்படுபவருடையது. 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் சுற்றிலும் நின்ற அனைவரும் நாஜி வணக்கம் செலுத்தியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்ற தொழிலாளி அவர். பாசிசத்துக்குக் கை நீட்ட மறுத்தவரின் படம் விதிமீறலாம்! கணக்கு திரும்பக் கிடைத்த மறுகணமே மீண்டும் முடக்கப்பட்டது. இம்முறை காரணம், அவர் 2017இல் பகிர்ந்திருந்த இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் ஒரு கவிதை. சுதந்திர இந்தியாவில் தூக்கிலிடப்பட்ட இரு விவசாயப் புரட்சியாளர்களை முன்னிட்டுப் பகிரப்பட்டது அது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 1 அன்று, பூமையாவும் கிஷ்டா கௌடும் தூக்கு மேடை ஏறினர். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் நினைவும் ஒரு நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் குற்றமாயிற்று.

அதே வாரங்களில் ட்விட்டரின் நீல அடையாளம் யாருக்குக் கிடைக்கிறது, தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்ற கேள்வியும் எழுந்தது. ஓராண்டுக்கு முன், பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற சுவரொட்டியை ஜாக் டோர்சி டெல்லியில் கையில் பிடித்தார் என்பதற்காக மன்னிப்புக் கேட்ட நிறுவனம்தானே அது! 2019 நவம்பரில் இந்தியப் பயனர்கள் ஆயிரக்கணக்கில் மஸ்டடானுக்குச் சென்றனர். ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் ஆய்கன் ரோக்கோ 2016இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது.

சென்றவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் திரும்பிவிட்டனர். இதைச் சொல்லி எள்ளுவது எளிது. ஏன் திரும்பினர்? அவர்கள் தனித்தனியாகச் சென்றார்கள். சங்கம் போகவில்லை, அமைப்பு போகவில்லை, ஊரே ஒன்றாகப் போகவில்லை. அங்கே போனபின் பேசுவதற்குப் பக்கத்து வீட்டார் இல்லை. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் ராஜினாமா.

அடுத்த சோதனை பெங்களூரிலேயே நடந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று விவசாயிகள் போராட்டத்தின்போது, ஒன்றிய அரசின் ஆணைப்படி கிசான் ஏக்தா மோர்ச்சா, கேரவன் இதழ், தோழர் முகமது சலீம் உள்ளிட்ட சுமார் 250 கணக்குகளை ட்விட்டர் இந்தியாவில் மறைத்தது. எதிர்ப்புக்குப் பின் அன்றே திறந்தது. முழுமையாகப் பணியவில்லை என்று கோபம்கொண்ட ஒன்றிய அமைச்சர்கள், பெங்களூரில் உருவான கூ என்னும் செயலிக்குக் குடிபெயர்ந்தனர். தற்சார்பு என்று கொட்டி முழக்கினர். அதில் போட்ட பணமோ டைகர் குளோபல் போன்ற அந்நிய நிதி மூலதனத்துடையது. 2024 ஜூலையில், வாங்க ஆள் கிடைக்காமல், கூ மூடப்பட்டது. அதில் எழுதிய லட்சக்கணக்கானோரின் கதி என்ன என்று எந்த அமைச்சரும் கேட்கவில்லை. சுதேசி வீட்டுக்காரரும் வீட்டுக்காரர்தான்.

அதே பிப்ரவரி 13 அன்று பெங்களூரில் 22 வயது திஷா ரவி, விவசாயிகளுக்கு ஆதரவான ஒரு கூகுள் ஆவணத்தைத் திருத்தினார் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார். ஆவணம் குறித்து கூகுளுக்கும், கூட்டம் குறித்து ஜூமுக்கும் டெல்லி போலீஸ் கடிதம் எழுதியது. நமது ஆவணங்களைப் பற்றி நம்மிடம் கேட்கத் தேவையே இல்லாத நிலை இது. பின்னர் ட்விட்டர் முடக்க ஆணைகளை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் சென்றது. 2023 ஜூன் 30 அன்று 50 லட்சம் ரூபாய் அபராதத்துடன் மனு தள்ளுபடியானது. எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டபின் ‘சகயோக்’ தளத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தில் தோற்றது. மஸ்க் கருத்துரிமைப் போராளி அல்லர். அரசும் ஏகபோகமும் பங்குபோட்டுக்கொள்ளும் வீட்டில் குடியிருப்பவருக்கு நீதிமன்றத்தில் நாற்காலிகூட இல்லை என்பதே இதிலுள்ள செய்தி.

அப்படியானால் மையமற்ற வலைப்பின்னல் என்ன தருகிறது? அஞ்சலகம் போன்றது அது. லிங்கராஜபுரத்தில் போட்ட கடிதம் மதுரைக்குப் போகிறது. இரண்டு அஞ்சலகங்களுக்கும் பொதுவான விதி இருந்தால் போதும், ஒரே முதலாளி வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்னும் விதி இதைச் சாத்தியமாக்குகிறது. ஒரு சங்கம் தன் சொந்த சர்வரை வைத்துக்கொண்டு உலகிலுள்ள பிற சர்வர்களோடு பேசலாம். ஒன்றை மூடினால் மற்றவை இயங்கும்.

இதையும் போற்றிப் பாட வேண்டாம். 2019 ஜூலையில் அமெரிக்க வெள்ளை இனவெறியர்களின் கூடாரமான கேப் இதே மஸ்டடான் மென்பொருளுக்குத்தான் மாறியது. டிரம்பின் ட்ரூத் சோஷியலும் அதே நிரலின்மேல் கட்டப்பட்டது, முதலில் மூல நிரலை வெளியிடாமலேயே. சுத்தியலுக்கு வர்க்கச் சார்பு கிடையாது. கேப்பைத் தடுத்தது தொழில்நுட்பம் அன்று. அதனுடன் தொடர்பு கொள்ள மாட்டோம் என்று பல சர்வர்களை நடத்தியவர்கள் எடுத்த கூட்டு முடிவே தடுத்தது. மையமற்றது என்று விளம்பரமாகும் புளூஸ்கையிலும் துணிகர மூலதனம் நுழைந்தாயிற்று. மெட்டாவே தனது த்ரெட்ஸை ஆக்டிவிட்டிபப்புடன் இணைக்கத் தொடங்கிவிட்டது. அரசும் உறங்கவில்லை. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தடை செய்த 14 செயலிகளில் எலிமென்ட், பிரையர் ஆகிய மையமற்ற கட்டற்ற செயலிகளும் இருந்தன. அதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் சென்றவர்கள் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர். இடதுசாரிக் கட்சிகள் அதைத் தங்கள் வழக்காகக் கருதியிருக்க வேண்டும்.

வெளியேறும் உரிமையைச் சட்டமாக்கப் போராடுவதே மையமான கோரிக்கை. 2011 ஜனவரி முதல் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதும் இருக்கிறது. ஏர்டெல் எண்ணிலிருந்து பிஎஸ்என்எல் எண்ணுக்குப் பேசலாம் என்பதை எவரும் அதிசயமாகக் கருதுவதில்லை. சந்தை மனமிரங்கித் தந்ததல்ல இது. ஒழுங்குமுறை ஆணையிட்டதால் வந்தது. வாட்ஸ்அப்பிலிருந்து வேறு செயலிக்குச் செய்தி அனுப்பும் உரிமை மட்டும் ஏன் இல்லை? ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டம், முதலாளித்துவ எல்லைக்குள்தான் என்றாலும், அக்கடமையை விதித்திருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் வாட்ஸ்அப் பயன்படுத்தும் இந்தியாவில் நாடாளுமன்றத்தில் இக்கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் இடதுசாரிகளே.

கோரிக்கைக்குக் காத்திராமல் செய்யவேண்டியதும் உண்டு. 1937இல் ஜனசக்தி தொடங்கப்பட்டபோது, பெரிய நாளேடுகளின் வாசகர்கள் அதிகம், அங்கேயே இரண்டு பத்தி வாங்கிக்கொள்ளலாம் என்று ஜீவா சொல்லவில்லை. சொந்தப் பத்திரிகை வேண்டும் என்பதில் ஐயமே இருக்கவில்லை. இன்றைய தோழர்களுக்கு அச்சகத்தின் மதிப்பு தெரிகிறது, சர்வரின் மதிப்பு தெரியவில்லை. ஆளும் இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூரில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் குரப்பனபாளையக் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்தி, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளில் ஓவியம் வரையவும் கற்றுத்தந்தனர். கேரள அரசுப் பள்ளிகள் முழுமையும் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. கணினித் துறை ஊழியர் சங்கத் தோழர்கள் பகலில் பன்னாட்டு நிறுவனங்களுக்காகப் பராமரிக்கும் சர்வர்களோடு ஒப்பிட்டால் ஒரு சங்கத்தின் சர்வர் சிறு வேலை.

லிங்கராஜபுரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளை சங்கம் அமைத்தால், இன்றைய வழக்கப்படி அவர்களின் பெயர்ப் பட்டியல், கூட்டக் குறிப்புகள், எந்த வீட்டில் யாருக்குக் கூலி பாக்கி என்ற விவரம் ஆகிய அனைத்தும் முதல் நாளே மெட்டாவின் செயலிக்குள் சென்றுவிடும். வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். சுவரொட்டி ஒட்டுவதற்கு அடுத்தவர் சுவரையும் பயன்படுத்தலாம். உறுப்பினர் பட்டியலை அந்தச் சுவரில் யாரும் எழுதி வைப்பதில்லை. பட்டியலும் குறிப்புகளும் போராட்டப் படங்களும் முதலில் சொந்த சர்வருக்கு வரவேண்டும். இதற்குப் பொறுப்பாளர்களைப் பெயர் குறித்து ஒதுக்குவதும், மாதச் செலவைக் கட்சி நிதியில் ஒரு தலைப்பாகச் சேர்ப்பதும் மாநிலக் குழுக்களின் அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யக்கூடியவை.