தலை எண்ணும் தர்மம்

சென்ற மாதம் கத்தோலிக்க நண்பர் ஒருவர் காகிதக் கட்டோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பங்குக் கோயிலில் வாலிபர்களுக்கென்று ஒரு சபை நடக்கிறது. நடத்துகிறவர் அவர்தான். அந்தச் சபைக்கு மூன்று வருஷம் மானியம் தர ஒரு தர்ம ஸ்தாபனம் முன்வந்து, விண்ணப்பப் படிவம் அனுப்பியிருந்தது.

"நீர் எழுதுகிறவர். இந்த இங்கிலீஷைக் கொஞ்சம் சரி பார்த்துக் கொடும்" என்றார்.

கல்லூரியைப் பாதியில் விட்டவனுடைய இங்கிலீஷிடம் அவருக்கிருந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று வாங்கிப் படித்தேன்.

பதினொரு பக்கம்! எத்தனை முகாம், எத்தனை கூட்டம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை தலை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, புகைப்படம் உண்டா? ஊழியர் சம்பளத்துக்கு இந்த நிதியிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பந்தலுக்குத் தருவார்கள், பனியனுக்குத் தருவார்கள், தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பையன்களோடு உட்கார்ந்து பேசுகிற மனிதனுக்கு மட்டும் தர மாட்டார்கள்.

"எல்லாம் சரி, இதில் பையன்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"அதுதான் எண்ணிக்கை கேட்டிருக்கிறார்களே!" என்றார் நண்பர்.

என் சண்டை இந்தப் பதிலோடுதான். உனக்கென்ன, நீ பூசைக்குப் போகிறவனா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கோயில் பணம் என்றாலே தூண்டில் என்று சொல்லும் இன்னொரு கூட்டமும் உண்டு. தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர்ச் செட்டியார் கொடுத்தால் அது புண்ணியம், மற்றவன் கோயிலுக்கு யாராவது கொடுத்தால் சூழ்ச்சி! அவர்களோடு வாதாட எனக்குப் பொழுதில்லை. பணம் வரட்டும். தாராளமாக வரட்டும். அந்தப் பணத்துக்கு யார் யாரிடம் கணக்குக் கேட்பது என்பதுதான் என் கேள்வி.

இப்போது நடப்பது இது: கொடுத்தவர் சாமியாரிடம் கணக்குக் கேட்கிறார், சாமியார் என் நண்பரிடம் கேட்கிறார், நண்பர் பையன்களிடம், "ஏன் போன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை?" என்று கேட்கிறார். பையன் யாரிடமும் எதுவும் கேட்பதற்கில்லை. அவன் வந்து உட்கார்ந்து, எண்ணப்பட்டு, பொட்டலம் வாங்கிக்கொண்டு போக வேண்டியவன்.

இந்தப் பணியைத் தொடங்கி வைத்த பெரியவர்கள் இப்படி நடக்கவில்லை. இத்தாலியில் தூரின் நகரத்து ஜான் போஸ்கோவைப் பாருங்கள். கொத்து வேலைக்கும் புகைக்கூண்டு துடைக்கவும் மலை நாட்டிலிருந்து வந்து தெருவில் கிடந்த சிறுவர்களை 1841-லிருந்து சேர்க்க ஆரம்பித்தார். கையில் காசு கிடையாது. 1846-ல் அவருக்குத் துணையாக வந்த தாயார் தம் கல்யாணச் சீரையே விற்றுக் கொடுத்தாள். அவரோ பிரபுக்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறினார், லாட்டரிகூட நடத்தினார். மானியம் கேட்பதில் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை. ஆனால் அவர் வைத்த மற்றொரு கையெழுத்தும் இருக்கிறது. 1852-ல் ஒரு தச்சரிடம் பையன் ஒருவனை வேலை பழக விட்டபோது எழுதிய ஒப்பந்தம் அது. இரண்டு வருஷத்தில் தொழிலைக் கற்றுத் தர வேண்டும். திருத்துவது வாயால்தான், கை நீட்டக் கூடாது. பண்டிகை நாளில் விடுதலை. கூலி படிப்படியாக ஏற வேண்டும். பிரபுவிடம் கை நீட்டியவர், பையனுக்காக முதலாளியிடம் கணக்குக் கேட்டார். அவருடைய சலேசிய சபையார் 1906-ல் நம் தஞ்சாவூருக்கே வந்தார்கள்.

பெல்ஜியத்து ஜோசப் கார்டைன் இன்னும் ஒரு படி மேலே போனார். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, பள்ளித் தோழர்கள் ஆலைக் கூலிகளாகித் தம்மை அந்நியனைப் போலப் பார்த்ததை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. அவர் 1925-ல் நிலைநாட்டிய இளங் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில், ஆலைப் பையன்களை வழிநடத்தியவர்களும் ஆலைப் பையன்களே. பார், சீர்தூக்கு, செயல்படு என்பது அவர்களுடைய முறை. அங்கே பையன் சந்தா கட்டினான். அவன் கூலியிலிருந்து வந்த சில்லறை அது. சில்லறை கொடுத்தவனுக்கு, "என் காசு என்னாயிற்று?" என்று எழுந்து நின்று கேட்க வாய் இருந்தது. அப்படிக் கேட்டுப் பழகியவன் ஆலை மேஸ்திரியிடமும் கேட்பான். கார்டைனோடு நின்று இயக்கத்தைத் தொடங்கிய இளைஞர் மூவரில் இருவர், தொன்னேயும் கார்சேயும், 1945-ல் நாஜிகளின் தாகாவ் முகாமில் உயிர்விட்டார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எண்ணி எழுதுவது?

அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிக் குடும்பம் ஒன்று 1937-ல் நிறுவிய லில்லி அறக்கட்டளை, 2015-ல் உயர்பள்ளி மாணவர்களின் சமயச் சிந்தனைக்காக 82 கல்லூரிகளுக்குச் சுமார் 4 கோடியே 45 லட்சம் டாலர் வழங்கியது. கத்தோலிக்கக் கல்லூரிகளும் அதில் உண்டு. பிள்ளைகளை உட்கார்த்திச் சிந்திக்கச் சொன்னது நல்ல காரியம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பெரிய தொகையிலும் பணம் வாங்கிக் கணக்குக் காட்டும் இடத்தில் இருந்தது கல்லூரிதான், பிள்ளைகள் அல்ல.

"எங்கள் பையன்களிடம் சந்தாவா? டீக்குக் காசு இல்லாதவர்கள் ஐயா!" என்றார் நண்பர். ஒரு ரூபாய் போதும் என்றேன். மானியத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு ரூபாயையும் அதே பெட்டியில் போடுங்கள், மாதக் கடைசியில் வரவு செலவைப் பையன்களில் ஒருவனே எழுந்து படிக்கட்டும் என்றேன்.

"கேள்வி கேட்பார்களே!"

"கேட்கட்டும்."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சம்பந்தமில்லாதது போல ஒன்று சொன்னார். போன ஆடியில் ஒரு பையனுக்கு வேலை போயிற்றாம். வெட்கப்பட்டு மூன்று வாரம் சபைப் பக்கமே வரவில்லை. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போய், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காலில் விழாத குறையாகச் சொல்லிச் சேர்த்துவிட்டார். இப்போது அந்தப் பையன் இன்னும் இரண்டு பேரை அழைத்து வருகிறானாம்.

"இதை எழுதுமே!" என்றேன்.

பதினொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். இடமில்லை. வருகை என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் 120 என்று போட்டிருந்தது.

"உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்?"

"இருபது, இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு, என்னிடம் அழிப்பான் இருக்கிறதா என்று கேட்டார்.