ஒரு தீவுக்கு எத்தனை கால்?

கிரேக்கத் தீவு என்றதும் உங்கள் கண்முன் வெள்ளைச் சுவர், நீலக் கடல், பக்கத்தில் ஒரு சினேகிதி என்று ஓடுவது எனக்குத் தெரிகிறது. அதெல்லாம் வேறு தீவு ஸார். நாம் போகிற ஆன்டிகிதீராவில் முள் ஜாஸ்தி.

கிரீட்டுக்கும் கிதீராவுக்கும் நடுவில், சுமார் 20 சதுர கிலோமீட்டர். 1901-ல் இதன் கரையோரம் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்துதான் அந்தப் பிரசித்தமான பல்சக்கர வானியல் கருவி கிடைத்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது, 2005-லிருந்து 2007 வரை ஆண்ட்ரூ பெவன், ஜேம்ஸ் கொனோலி கோஷ்டி அங்கே செய்த காரியம். கடப்பாரை எடுத்துத் தோண்டவில்லை. தரை மேலே கிடக்கிற பானை ஓடுகளை எண்ணிக்கொண்டே தீவு முழுக்க நடந்தார்கள்.

"நடக்கறதுக்கு எதுக்கு ஸார் பிளானு? வரிசையா நின்னு கிளம்ப வேண்டியதுதானே?" என்றார் ஆபீஸ் நண்பர். வாஸ்தவம். ஆனால் எத்தனை மீட்டருக்கு ஓர் ஆள்? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஆளுக்கு ஆள் 15 மீட்டர் என்று வைத்தார்கள். (சினேகிதி வந்திருந்தாலும் 15 மீட்டர் தள்ளித்தான்.) கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 சதுர கிலோமீட்டரை அப்படிக் கோடு கோடாக நடந்தால் 1,300 கிலோமீட்டருக்கு மேல். 50 மீட்டராக்கினால் 400-ல் முடிந்துவிடும். பட்ஜெட் போடுகிறவருக்கு ஏக சந்தோஷம். ஆனால் ஓர் ஏழைக் குடியானவனின் வீடு விட்டுப்போகிற ஓட்டுச் சிதறல் சில சமயம் 20, 30 மீட்டர் அகலம்கூடத் தேறாது. இரண்டு பேருக்கு நடுவே ஆசாமி நழுவிவிடுவான். கோட்டை எப்படியும் கண்ணில் படும். ஆக, சரித்திரத்தில் யாருக்கு இடம் என்பதை மேஜை மேல் ஸ்கேலை வைத்தே பாதி தீர்மானித்துவிடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

அப்புறம் பர்மிஷன். வெளிநாட்டுக்காரர்கள் நேராகப் போய் இறங்கிவிட முடியாது. ஏதென்ஸில் இருக்கும் தங்கள் நாட்டுத் தொல்லியல் பள்ளி மூலமாகக் கலாசார அமைச்சகத்துக்கு மனுப் போட வேண்டும். பள்ளிக்கு இத்தனைதான் என்று கோட்டா வேறு.

எப்போது போவது? மழை பெய்து கழுவிய உழவு நிலத்தில் ஓடு பளிச்சென்று தெரியும். ஆனால் நடக்கப்போகிற மாணவர்களுக்கு நீண்ட லீவு கோடையில்தான். சரி, கோடை. மண்டையைப் பிளக்கும் வெயில். என்றோ கைவிட்டுப் போன படிக்கட்டு வயல்களில் முட்புதர். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தரை எத்தனை சதவீதம் கண்ணுக்குத் தெரிந்தது என்று ஃபாரத்தில் எழுதியாக வேண்டும். சோம்பேறித்தனமாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தீர்ந்தது. யாருமே வாழாத இடமும், புதர் மூடியதால் பார்க்க முடியாத இடமும் ரிப்போர்ட்டில் ஒன்றாகிவிடும்.

ஓடு பொறுக்குவதிலும் கணக்கு உண்டு. விளிம்பு, அடிப்பாகம், கைப்பிடி இவைதான் காலம் சொல்லும். ஆனால் பையில் போட்டது போட்டதுதான். பின்னால் வருகிறவனுக்கு அந்த இடத்தில் அது இருக்காது. எனவே எதை எடுப்பது, எதை எண்ணிவிட்டு அங்கேயே விடுவது என்பதையும் கப்பல் ஏறுமுன்பே பேசிவைக்க வேண்டும்.

கப்பல் என்றதும் ஞாபகம். காற்று பலமாக அடித்தால் அது வராது. ஜி.பி.எஸ்., எண்ணும் மெஷின், முழுக்கைச் சட்டை எல்லாம் எழுதிய பட்டியலில், நாலு நாளைக்கு அதிகப்படி சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.