கிழட்டு ரம்பத்திற்கு யார் கூலி கொடுப்பது?

சுமத்ராக் காற்றைப் பற்றி மலாக்காத் தோட்டத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே ஏதோ ஓர் இரவில் கிளம்பி, நீரிணையைக் கடந்து, கோழி கூவும் முன்னே நம் லயத்துக் கூரைகளைப் பிடித்து உலுக்கிவிட்டு, விடிந்ததும் ஒன்றும் அறியாததுபோல் ஓய்ந்துவிடும். அன்று மரத்துப் பட்டை ஈரம். பால் வெட்டு இல்லை. பிரட்டுக்களத்தில் நிற்கின்றவர்களுக்கு, விழுந்த கிளைகளை வெட்டி அப்புறப்படுத்தும் வேலைதான் கிடைக்கும்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், படிக்கின்ற பலருக்கும் அது தம் தோட்டம் என்றே தோன்றும். அப்படிப்பட்ட ஒரு காலையில் லயத்திற்கும் கோயிலுக்கும் நடுவேயுள்ள சடக்கில் பெரிய மரமொன்று குறுக்கே விழுந்து கிடந்தது. பள்ளிக்கூட வேன் உள்ளே வர வழியில்லை. நான்கு ஆட்களை அனுப்பினார்கள். ஸ்டோரிலிருந்து சங்கிலி ரம்பம், நம்மவர் வாயில் செயின்சோ, வெளியே வந்தது. ஏழு மணிக்குக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தவர்கள் பதினொரு மணிக்கும் இழுத்துக்கொண்டேயிருந்தார்கள். இரண்டு முறை இருமிற்று. ஒரு முறை பிடித்துக்கொண்டது. மரத்தில் வைத்ததும் அணைந்தது. தோள்பட்டை விட்டுப்போக, கடைசியில் கோடாலியும் பாராங்குமாக வெட்டித் தள்ளி வழி திறந்தார்கள்.

மாலையில் செக்ரோல் எழுதும் நேரம். நால்வருக்கும் அரை நாள் போடு என்று உத்தரவு. காலையெல்லாம் வேலை நடக்கவில்லையாம். அதை எழுதியது யார்? நாமேதான். அதை மறைத்துவிட்டு இங்கே வீரம் பேசுவது நியாயமன்று. நால்வரில் மூத்தவர், நம் தகப்பனார் வயதுடையவர், ஆபீஸ் ஜன்னலருகே வந்து நின்று கேட்டார்: "ஏன் தம்பி, இஞ்சினுக்குக் காய்ச்சல் வந்தா என் சம்பளத்துல எதுக்கு வெட்டு?" பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. நால்வருக்கு அரை நாள் என்றால் ஏறக்குறைய 130 வெள்ளி. அந்த ரம்பத்திற்கு வேண்டியிருந்ததோ ஒரு பிளக், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, ஒரு முழங்கூட இல்லாத பெட்ரோல் குழாய். இவற்றின் விலை அந்த 130 வெள்ளியை எட்டாது. இவற்றைக் கேட்டெழுதிய சீட்டு மூன்று மாதமாக நம் மேசையிலேயே கிடந்தது. ஓரத்தில் "பிறகு பார்க்கலாம்" என்ற குறிப்புடன். நிர்வாகம் மிச்சம் பிடித்ததாக எண்ணிய பணத்தை நான்கு குடும்பங்கள் கட்டின.

யந்திரத்தின்மீது நமக்குப் பகை கிடையாது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டாரே, அந்தக் காலந்தொட்டு இம்மாநிலத்தில் காடழித்ததும் மரம் சாய்த்ததும் கோடாலி பிடித்த கைகள். மறுநடவின்போது பழைய மரங்களுக்குச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சைப் பூசி, நின்றபடியே சாகவிட்ட காலமும் இந்நாட்டில் உண்டு. அந்த நஞ்சைவிட ரம்பம் ஆயிரம் மடங்கு மேல். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் மின்சார ரம்பத்தையும் 1929இல் பெட்ரோல் ரம்பத்தையும் செய்தபோது அவை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டிய பாரங்கள். இன்றைய சங்கிலிப் பல்லின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் மரத்தைக் குடையும் வண்டுப் புழு ஒன்றை உற்றுப் பார்த்தார். அது இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கண்டு, அதே போக்கில் சங்கிலிக்குப் பல் அமைத்தார். ஆராய்ச்சிக்கூடம் எதுவுமில்லை; மரவெட்டியின் கண்ணே போதுமாயிருந்தது.

அப்படிப் பிறந்த கருவி நம் ஸ்டோரில் ஏன் இப்படி மக்கர் செய்கிறது? பட்டினி போடுவதனால்தான். மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்து, புயலடித்த மறுநாள் மட்டும் நினைவுக்கு வருகின்ற சாமான் அது. டாங்கியில் விட்டுவைத்த பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப்போக, மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துவாரங்களை அடைக்கும். சவ்வு விறைத்துப்போகும், பெட்ரோலை இழுக்காது. காற்று வடிகட்டியில் மரத்தூள் அப்பிக்கொண்டால் மூச்சு முட்டி, பெட்ரோல் மிகுந்து, பிளக் கரியாகும். குழாயில் வெடிப்பு விட்டாலோ காற்று நுழைந்து, பெட்ரோல் குறைந்து, பிஸ்டனே சூடேறிக் கீறிப்போகும். இங்கே ஒரு வேடிக்கை. நாம் விடியலில் எழுந்து வெட்டுகிறோமே, அந்தப் பாலில் செய்த ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். ஆகவே அந்தக் குழாய் செயற்கை ரப்பரில் செய்தது. ரப்பர்த் தோட்டத்திலே ஒரு சாண் ரப்பர்க் குழாய் இல்லாமல் வேலை நின்றது என்றால் அந்நியர் சிரிப்பார்கள்; அதுவும் நம் ரப்பர் இல்லை என்றால் இன்னும் சிரிப்பார்கள்.

நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணெய் கலக்கும் அளவுக்கு நம்மிடம் பால் டின்தான் படி. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய் என்பது புது யந்திரத்திற்கு, அதற்கென்றே விற்கும் நல்ல எண்ணெயில். பழைய யந்திரங்கள் பலவற்றிற்கு 200 மில்லி வேண்டும். குறைந்தால் பிஸ்டன் போச்சு, கூடினால் பிளக் போச்சு. கண்மதிப்பில் ஊற்றுகின்றவர் இரண்டையும் செய்கிறார். சங்கிலிக்கு லோரியிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயை விடுவதும் தப்பு. அது கம்பியில் நிற்காது. போதாததற்கு, பழகிய இஞ்சின் எண்ணெய் தோலில் பட்டுக்கொண்டேயிருந்தால் புற்றுநோய் உண்டாக்கும். பல் மழுங்கியதா என்பதற்கு மரமே சாட்சி: சீவல் விழுந்தால் கூர், மாவாய்த் தூள் கொட்டினால் மழுங்கல். மழுங்கிய சங்கிலியை உடல் பலத்தால் அழுத்தி ஓட்டுவது ஆளையும் யந்திரத்தையும் ஒருசேரக் கொல்லும். ரப்பர் மரம் அறுக்கும்போது பால் ஒட்டிச் சங்கிலி பிசுபிசுத்துப்போவதை, அறுத்தவர்கள் அறிவார்கள். அன்றன்றைக்குத் துடைக்காவிட்டால் மறுநாள் கல்லாய் இறுகிக் கிடக்கும்.

ஆனால் துடைக்க நேரம் யார் கொடுத்தார்கள்? நிறுத்து நிறுத்து என்று மணியடித்ததும் ஸ்டோரில் போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. துடைப்பதும் அரம் போடுவதும் வேலை என்று செக்ரோலில் ஒரு வரி கிடையாதே!

இதெல்லாம் பண நஷ்டம் மட்டுமென்றால் இத்தனை நீட்டி எழுதமாட்டோம். கம்பியின் நுனி மரத்தில் இடறினால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்திற்குத் திரும்பும். அதைத் தடுக்கும் சங்கிலிப் பிரேக் 1970களில்தான் பரவலாயிற்று. அது இல்லாத பழைய யந்திரங்களும், இருந்தும் உடைந்து கழற்றி எறியப்பட்டவையும் தோட்டங்களில் இன்னும் ஓடுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதிர்வைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் இற்றுப்போன ரம்பத்தை நாள்தோறும் பிடிக்கின்றவருக்கு நாளடைவில் விரல் மரத்துப்போகும். பால் வெட்டுக்காரருக்கு விரல்தானே சொத்து? ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகாமல், உள்மரத்தைக் காயப்படுத்தாமல் உளியை நடத்த, மரத்துப்போன விரலுக்கு எப்படி முடியும்? காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகள் எல்லை வைத்திருக்கின்றன. சங்கிலி ரம்பம் நூறைத் தாண்டிக் கத்தும். காதுமூடி எத்தனை ஸ்டோரில் இருக்கிறது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, யந்திரத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்துப் பேணுவது முதலாளியின் கடமை என்கிறது. 26ஆம் பிரிவு, அச்சட்டப்படி செய்து கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. கையுறைக்குப் பணம் பிடித்த கதை தெரிந்தவர்கள் இதைக் கவனிக்கவும். 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பி, முதலாளியும் அதை நீக்காமலிருந்தால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தால் பாதுகாப்புக் குழுவே வேண்டும். அதில் தொழிலாளர் தரப்பும் உட்காரும்.

"ஆயுசு முடிந்த சாமானுக்கு எதற்குச் செலவு?" என்பார்கள். நல்லது, அப்படியானால் கழித்துவிடட்டும், புதிது வாங்கட்டும். வேலைக்கு உதவும் என்று வைத்திருந்தால் பேணட்டும். இரண்டும் செய்யாமல், ஓடினால் தோட்டத்திற்கு லாபம், ஓடாவிட்டால் தொழிலாளிக்கு அரை நாள் என்ற மூன்றாவது வழியைத்தான் நாம் எதிர்க்கிறோம். யந்திரம் நின்று காத்திருக்கும் நேரம் வேலை நேரமே. அதற்கு முழுக்கூலி வேண்டும். ரம்பத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பழக்கி, வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கென்றே செக்ரோலில் காட்ட வேண்டும். உதிரிச் சாமான் சீட்டுக்கு ஒரு வாரத்திற்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வேண்டும்.

கிராணிமாருக்கு ஒரு வேண்டுகோள்: சீட்டு எழுதிய தேதியையும், யந்திரம் நின்ற நாளையும், போட்ட அரை நாட்களையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அலோர் காஜாவோ, தெபோங்கோ, மெர்லிமாவோ, எந்தத் தோட்டமாயினும் அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அந்த நோட்டை எடுத்து வாருங்கள்.

அந்த நால்வரின் அரை நாள் இன்னும் நம் கையெழுத்திலேயே செக்ரோலில் கிடக்கிறது. அதைத் திருத்தக் கோரி அவர்கள் கொடுத்த மனுவில், ஐந்தாவதாக நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.