கொதிக்கும் கூரைக்கு யார் பொறுப்பு?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்படி, அட்வான்ஸ் எவ்வளவு, கரன்ட்டுக்கு யூனிட் என்ன கணக்கு என்றெல்லாம் கேட்கிறார்கள். மேலே என்ன கூரை என்று கேட்பவர்கள் குறைவு. சென்னையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையையும், பிறகு ஸ்ரீபெரும்புதூர் வரை பெருகிய ஆலைகளையும் நம்பி வந்தவர்களுக்காக இங்கே தெருத்தெருவாக வீடுகள் மாடி மேல் மாடியாக எழும்பின. மொட்டை மாடியில் நாலு சுவர் எழுப்பி ஷீட் போட்ட அறை பேச்சுலர்களுக்குப் போகிறது. வாடகை மலிவான அந்த அறைதான் அதிகம் கொதிக்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் இந்தப் பகுதிகளுக்குக் கடற்காற்று தாமதமாகத்தான் வரும். சில நாள் வந்தும் சேராது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கும். ஃபேன் அந்த அனலைத்தான் சுற்றிவிடும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் பாடு இன்னும் கொடுமை. அவர் தூங்கியாக வேண்டிய நேரமே உச்சி வெயில் நேரம்.

இதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்க முடியாது. சென்னையில் 45 டிகிரி பதிவான 2003-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் மாத வெப்ப அலையில் பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்த முதியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்த நாட்டுக் கிராமங்களின் பழைய கல்வீடுகள் தடித்த சுவராலும், பகலில் வெளிப்பக்கம் சாத்திவைக்கும் ஜன்னல் கதவுகளாலும் வெயிலைத் தடுக்கின்றன. நம்மிடமும் தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தது. இன்றைய கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போட்டால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

ஏ.சி. போட்டால் தீர்ந்தது என்பார்கள். ஷீட் கூரைக்குக் கீழே ஓடும் ஏ.சி. கரன்ட் பில்லைத்தான் ஏற்றும். ஏர் கூலரோ நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிகம் உதவாது. வெயில் நமக்குப் புதிதா என்ற கேள்வியும் வரும். அந்தக் காலத்தில் ஓட்டு வீடும், திண்ணையும், காற்றாடப் படுக்க மொட்டை மாடியும் இருந்தன. இன்று அந்த மொட்டை மாடியே அறையாகிவிட்டது. கூரையைச் சரிசெய்யச் சொன்னால் அந்தச் செலவை வீட்டுக்காரர்கள் வாடகையில் ஏற்றிவிடுவார்களே என்பதுதான் நியாயமான கவலை. ஆனால், கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது பெரிய செலவல்ல. அம்பத்தூரில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியின் கூரையிலேயே அரசு அதைச் செய்து பார்த்திருக்கிறது. தெலங்கானா 2023-இலேயே இத்தகைய குளிர் கூரைக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது.

வாடகைக்கு வருபவரே பார்த்து எடுக்கட்டும் என்று விட்டுவிடுவது சரியல்ல. முடிந்தவர்கள் ஞாயிறு காலையில் பார்க்காமல், இரவு எட்டு மணிக்குப் போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். மறுநாளே வேலைக்குச் சேர வேண்டிய வடமாநிலத் தொழிலாளிக்கோ, கம்பெனி காட்டிய விடுதியில் தங்கும் பெண்ணுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. உயிரோடு இருப்பவர் தூங்கும் அறையையும் அது பார்க்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளர் பொறுப்பில் வைக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் கூரையையும் சேர்க்கலாம். பெண்கள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அதைப் புதுப்பிக்க வரும் அதிகாரி கத்திரி வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்கு, மேல்தள அறையில் வெப்பமானியோடு நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.