ஒறுப்புத் தமிழனுக்கு, சட்டம் யார் மொழியில்?

குற்றவியற் சட்டம் கற்கப் புகும் மாணவனுக்கு முதலில் புகட்டப்பெறும் நெறிகள் இரண்டு. குற்றச் செயலும் குற்ற மனமும் ஒருங்கே அமைந்தாலன்றிக் குற்றமில்லை என்பது ஒன்று. சட்டம் அறியேன் என்று சொல்லித் தப்ப இயலாது என்பது மற்றொன்று. முன்னது அறம். பின்னதும் அறமாக வேண்டுமாயின், சட்டம் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் அவ்வாறு உள்ளதா?

மெக்காலே வரைவிலிருந்து பிறந்த 1860-ஆம் ஆண்டுச் சட்டம் 511 பிரிவுகள் கொண்டது. 2024 சூலை முதல் நாள் அதன் இடத்தில் 358 பிரிவுகளோடு வந்தமர்ந்தது ‘பாரதிய நியாய சன்கிதா’. வெள்ளையன் சட்டத்தை ஒழித்தோம் என்று தில்லி முழங்கியது. ஒழிந்தது என்ன? சட்டத்தின் உடல் இன்றும் ஆங்கிலம். தலை மட்டும் வடமொழி! தமிழுக்கு வாலிலும் இடமில்லை.

ஒட்டப்பிடாரம் வட்டத்துப் புதியம்புத்தூர் கரிசல் மண்; ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர் பெற்ற உழைப்பாளர் ஊர். அங்குத் தமிழ்வழி பயின்ற பிள்ளை சட்டக் கல்லூரி புகுந்தால், இலத்தீன் தொடரை ஆங்கில வழியே உருப்போட்டு, வடமொழிப் பெயரையும் நாத்தடுமாற ஒப்பித்தாக வேண்டும். கற்பது சட்டமா, மும்மொழிச் சுமையா?

அவ்வட்டத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவரே வழக்கறிஞர் வ.உ. சிதம்பரனார். 1908-இல் அரசெதிர்ப்புக் குற்றம் சாற்றி அவரைச் சிறையில் அடைத்தது 124அ என்னும் பிரிவு. இன்று அப்பெயர் இல்லை. ஆயின் 152-ஆம் பிரிவு நிற்கிறது. வாழ்நாட் சிறைக்கு மாற்றாக அன்றிருந்த மூன்றாண்டு, இன்று ஏழாண்டாக நீண்டுள்ளது. பெயர் மாறிற்று, பிடி இறுகிற்று. இதனைத் தன் மொழியில் படித்துணரும் மாணவனே வினா எழுப்புவான். அதற்கு அஞ்சுவோரே தமிழைத் தடுப்பர்.

தமிழில் சட்டம் இயலாது என்பார் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று 1362-இலேயே வழக்குரையை ஆங்கிலத்தில் நிகழ்த்தச் சட்டம் செய்தது அந்நாடு. 1733 முதல் முறைமன்ற ஆவணங்களிலிருந்தும் இலத்தீனை விலக்கியது. ஆங்கிலேயனுக்குத் தாய்மொழி உரிமை. தமிழனுக்கு மட்டும் அது வெறியா?

இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்முறைமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழுக்கும் அவ்விடம் வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி இசையவில்லை. ஒரே அரசியலமைப்பு, ஒரே 348-ஆம் பிரிவு. அளவுகோல் மட்டும் இரண்டு!

ஆராயாது கொடுத்த ஒரு தீர்ப்புக்காகப் பாண்டியன் உயிர் நீத்ததைக் காப்பியமாக்கிய இனம் இது. தகுதிக்கேற்ற ஒறுப்பை ‘வெருவந்த செய்யாமை’யில் வகுத்தவர் வள்ளுவர். குற்றவியலுக்குத் தமிழ் புதிதன்று.

சட்டக் கல்லூரியில் தமிழே பாடமொழியாகுக! தமிழ் வடிவும் சட்டத்தின் மூல வடிவாகுக! உயர்முறைமன்றத்தில் தமிழ் ஒலிக்க! புரியாத மொழியில் ஒறுப்பது ஆட்சியன்று, அடக்குமுறையே. தமிழிளைஞரே, எழுமின்!