ஓய்வும் சிகிச்சையே

சென்னை யானைக்கவுனியிலிருந்து வால்டாக்ஸ் சாலையோடு தெற்கே நடந்தால் சென்ட்ரலைத் தாண்டியதும் அரசுப் பொது மருத்துவமனையான ஜி.எச். வடக்கே மின்ட் வந்து பழைய ஜெயில் சாலையில் திரும்பினால் ஸ்டான்லி மருத்துவமனை. முன்னது 1664-இல் கோட்டைக்குள் கும்பினிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கி, 1772-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. பின்னது 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டது. 1799-இல் அங்கே நோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். வடசென்னைப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’தான்.

இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவே, ஊரின் சரக்கைத் தோளில் ஏற்றி இறக்குகிறவர்கள் வாழ்கிறார்கள். சால்ட் கோட்டர்ஸ் ரயில்வே கிடங்கு, வால்டாக்ஸ் சாலையின் லாரி புக்கிங் ஆபீசுகள், சௌகார்பேட்டையின் மொத்தக் கடைகள், கிழக்கே துறைமுகம் என்று எல்லாம் ஓடுவது இவர்கள் முதுகில். இவர்களில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்றால் இன்று அறுவை கிடைக்கும். காசில்லாமலே கிடைக்கும். இது சிறிய சாதனை இல்லை. ஆனால் அறுவைக்குப் பிறகு உடம்பு கேட்கும் ஓய்வு அவருக்குக் கிடைப்பதில்லை. அறுவையை அரசின் பொறுப்பாக்கிய நாம், ஓய்வை அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம். இந்தக் குறையைத் தீர்க்க வேண்டும், தீர்க்க முடியும் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரை. அதற்கு இந்த அறுவையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பித்தப்பையைத் திறந்து கல்லை மட்டும் எடுப்பதுதான் முதலில் இருந்த வழி. 1867-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜான் பாப்ஸ் என்ற மருத்துவர் அப்படிச் செய்தார். பையை விட்டுவைத்ததால் கல் மறுபடியும் வளர இடமிருந்தது. பெர்லின் லாசரஸ் மருத்துவமனையின் கார்ல் லாங்கன்புக் வேறு விதமாக யோசித்தார். பையில் கல் இருப்பது மட்டுமில்லை, கல்லை உண்டாக்குவதும் அந்தப் பைதான். ஆகவே பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். சடலங்களில் பல ஆண்டு பழகிய பின், 1882 ஜூலை 15 அன்று 43 வயது மனிதர் ஒருவருக்கு அதைச் செய்தார். பதினாறு ஆண்டு வலியில் இளைத்து, மார்ஃபின் இல்லாமல் இருக்க முடியாத நிலையில் வந்தவர் அவர். பன்னிரண்டாம் நாள் படுக்கையை விட்டு எழுந்தார், ஆறு வாரம் கழித்து வீடு திரும்பினார்.

அந்த ஆறு வாரத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். இந்த அறுவையின் முதல் நோயாளிக்கு அறுவையும் ஓய்வும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன.

அதே 1882-இல் கும்பகோணம் பக்கத்துச் சருக்கையில் எஸ். ரங்காச்சாரி பிறந்தார். பின்னாளில் சென்னையின் பெரும்புகழ் பெற்ற சர்ஜனாகி, வெளியூர் நோயாளிகளைப் பார்க்கச் சொந்த விமானத்திலேயே பறந்தவர். 1934-இல் அவர் மறைந்தபின் ஜி.எச். முன்னால் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் காலத்திலிருந்து 1980கள் வரை பித்தப்பை அறுவை என்றால் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாணுக்குச் சரிவாகக் கிழித்துத் திறப்பதுதான். வயிற்றுச் சுவரின் தசையையே வெட்டுவதால் மூச்சை இழுத்துவிடவும் வலிக்கும், இருமினால் உயிர் போகும். பித்தநாளத்தில் கல் இறங்கியிருந்தால் அதையும் திறந்து, ‘டி’ வடிவக் குழாய் ஒன்றை வைத்து, பித்தத்தைப் பல நாள் வெளியே வடியவிடுவார்கள். வார்டில் ஒரு வாரம், பத்து நாள் கிடப்பது சாதாரணம்.

அந்த நீண்ட காலத்தில் சென்னையின் அரசு மருத்துவமனைகள் அறுவையோடு ஆட்களையும் உருவாக்கின. இரைப்பை, குடல், கல்லீரல் அறுவைக்கென்று ஜி.எச்.சில் தனித்துறையை அமைத்து, அதற்கான எம்.சிஎச். மேல்படிப்பை நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கியவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். ஸ்டான்லியில் பின்னர் வளர்ந்த அதே துறை, கல்லீரல் மாற்று அறுவையை அரசு மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது. கூலி வேலை செய்கிறவருக்குத் தேர்ந்த கை கிடைக்க வேண்டும் என்பது இந்த ஊரில் இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது.

தழும்பு சுருங்கிய கதை 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் பெப்ளிங்கன் நகரில் தொடங்குகிறது. எரிக் மூஹே என்பவர் வயிற்றைக் கிழிக்காமல் குழாய்க் கருவி வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தில் அவர் அதைச் சொன்னபோது கிண்டல்தான் கிடைத்தது. 1992-இல் அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இடையில், 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே கேமரா உதவியுடன் செய்து காட்டியதும் லேப்ராஸ்கோப்பி எனப்படும் இந்த முறை உலகெங்கும் பரவியது. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கோவையில் டாக்டர் சி. பழனிவேலு தெற்கே அதைப் பரப்பத் தொடங்கினார். இது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று பலர் பேசிய காலத்தில், சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஏழைக்குத்தான் இது அதிகம் தேவை என்று உத்வாடியா வாதாடினார். அவர் வாதம் சரி. ஆனால் ‘சீக்கிரம்’ என்பது எத்தனை நாள் என்ற கேள்வியில்தான் நாம் இன்னும் நிற்கிறோம்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா 1968-இல் வெளியிட்ட ஆய்வில், வட இந்திய ரயில்வே ஊழியர்களிடையே பித்தப்பைக் கல் தென்னாட்டு ஊழியர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று எழுதினார். கல்லின் குணமும் மாறும். வடக்கே கொழுப்பு உறைந்த மஞ்சள் கற்கள் மிகுதி. தெற்கே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து வரும் நிறமியால் ஆன கறுப்புக் கற்கள் அதிகம். அறுவை முடிந்ததும் சிறு குப்பியில் போட்டுக் கொடுக்கும் அவற்றைப் பார்த்தால் மிளகு போல இருக்கும்; விரலில் வைத்து அழுத்தினால் சில பொடியாக உதிரும். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் சௌகார்பேட்டையும், தெற்கத்தி உழைப்பாளிகள் நிறைந்த யானைக்கவுனியும் ஒட்டிக்கிடக்கின்றன. இருவகைக் கல்லையும் ஒரே தெருவில் பார்க்கலாம். கல் வேறானாலும் அறுவை ஒன்றுதான். முதலாளியும் சுமைக்காரரும் பிரிவது அதற்குப் பிறகு வரும் நாட்களில்.

அந்த நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலும் நான்கு துளைகள். தொப்புளருகே ஒன்று 10 மில்லிமீட்டர், மற்றவை பெரும்பாலும் அதைவிடச் சின்னவை. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்துத்தான் உள்ளே வேலை செய்ய முடியும். அதனால்தான் மறுநாள் சிலருக்குத் தையலைவிட வலது தோள்பட்டை அதிகம் வலிக்கிறது. வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் உறுத்தப்பட, தோளோடு தொடர்புள்ள நரம்பு வழியாக வலி தோளில் தெரிகிறது. ஓரிரு நாளில் தானாகத் தணியும். அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள், கஞ்சியில் தொடங்கி இட்லிக்கு வருவார்கள், பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போவார்கள். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்துவைத்த இடம் மட்டுமே. அது போனபின் பித்தம் நேராகக் குடலில் இறங்குகிறது. சிலருக்குச் சில வாரம் வயிற்றுப்போக்கு இருக்கும், எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது, பிறகு பழகிவிடும். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். பித்தநாளத்தில் காயமோ தங்கிவிட்ட கல்லோ இருந்தால் இப்படித்தான் தெரியவரும்.

மேசை வேலைக்காரர் ஒன்றிரண்டு வாரத்தில் அலுவலகம் போகலாம். சுமை தூக்குகிறவர் கதை வேறு. தோலில் தழும்பு ஒரு வாரத்தில் ஆறினாலும், அதற்கு அடியில் உள்ள தசையுறை வலுப்பெற வாரங்கள் ஆகும். அதற்கு முன் வயிற்றில் அழுத்தம் கூடினால், தொப்புளருகே உள்ள துளை வழியாகக் குடலிறக்கம் வர வாய்ப்புண்டு. அதனால்தான் நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்காதீர்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் எழுதுகிறார்கள். மின்ட் தெருவில் கைவண்டி கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் பொருள் விளங்கும். இழுப்பவர் குறுக்குக் கட்டையை வயிற்றோடு அணைத்து, மூச்சைப் பிடித்து, முழு உடம்பையும் முன்னால் சாய்த்தால்தான் சக்கரம் முதல் சுற்று உருளும். ஆறு வாரம் கூடாது என்று மருத்துவர் சொல்வது அந்த ஒரு நொடியைத்தான். அவருக்குக் கூலி தருவதும் அந்த நொடிதான்.

ஆக, 1882-இல் வார்டில் கழிந்த ஆறு வாரம் மறைந்துவிடவில்லை. ஆஸ்பத்திரியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் வீட்டுக் கணக்குக்கு மாறியிருக்கிறது. படுக்கை சீக்கிரம் காலியாவதால் ஆஸ்பத்திரிக்கு லாபம், காத்திருக்கும் அடுத்த நோயாளிக்கும் நல்லது. மிச்ச நாட்களின் செலவை அடகுக்கடையும் வட்டிக்காரரும் ஏற்கிறார்கள். பித்தப்பைக் கல் பெண்களுக்கே அதிகம் வரும் நோய் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குவதைச் சுமை என்று எந்தக் கணக்கும் எழுதுவதில்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண் இரண்டு வாரம் வராவிட்டால் அந்த வீடுகளில் வேறு ஆள் வந்துவிடுகிறது.

ஓய்வுக்காகக் குரல் கொடுப்பது வடசென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மதியம் நிதானமாகச் சாப்பிட நேரம் போதவில்லை என்பது மில் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று. சங்கத்தை வழிநடத்திய பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் நாள் அது. வேலைக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948-இன் இ.எஸ்.ஐ. சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. காப்பீடு பெற்ற தொழிலாளி நோயில் படுத்தால் அந்த நாட்களுக்கும் ஊதியத்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்றது; இன்று அது ஓராண்டில் 91 நாள் வரை 70 சதவீதம். படுத்திருக்கும் நாளும் கூலிக்குரியதே என்பதை நாடு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஒப்புக்கொண்டது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். கைவண்டிக்காரரும் லோடுமேனும் அதில் இல்லை. 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் நலவாரியங்கள் வந்தன. கல்வி, திருமணம், விபத்து, ஓய்வூதியம் என்று அவை உதவுகின்றன. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்கிறது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இத்தனையும் கட்டியபின் விட்டுப்போன செங்கல் ஒன்றுதான்: குணமாகும் நாட்களின் கூலி.

அதற்கு முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது; 2006-இல் 6,000 ரூபாயாகவும் பிறகு படிப்படியாக 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கர்ப்பிணி இழக்கும் கூலியை ஈடுகட்டுவதும், அவள் நன்றாகச் சாப்பிட வழி செய்வதும் அதன் நோக்கம். மருத்துவம் தருவதோடு உடம்பு தேறும் காலத்துக்கும் காசு கொடுக்கும் வழக்கத்தை இந்த மாநிலம் அப்போதே தொடங்கிவிட்டது. பக்கத்து ஆந்திரம் 2019 டிசம்பரில் இதை அறுவைக்கும் நீட்டியது. ‘ஆரோக்ய ஆசரா’ என்ற பெயரில், அறுவைக்குப் பின் ஓய்வெடுக்கச் சொன்ன நாட்களுக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எந்த அறுவைக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர்கள்தான் வரையறுத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய துறையும் வேண்டாம். காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு அறுவைக்கும் ஏற்கெனவே ஒரு தொகை இருக்கிறது. அதனருகே ஓய்வு நாட்கள் என்று இன்னொரு பத்தியைச் சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மருத்துவர் எழுதும் அந்தக் கடைசி வரியே உத்தரவாக வேண்டும். நலவாரிய அட்டை உள்ளவருக்கும், அட்டையே இல்லாமல் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் வங்கிக் கணக்கில் பணம் சேர வேண்டும். குடலிறக்கத்தோடு திரும்பி வரும் ஒருவருக்கு மறுபடி செய்யும் அறுவையின் செலவையும் இதனோடு வைத்துப் பார்த்தால், கருவூலமும் இதை வீண் என்று சொல்லாது.

செலவு கூடும் என்ற தடை வரும். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியபோதும், மேல்படிப்பு படித்த சர்ஜனை இலவச வார்டுக்குக் கொண்டுவந்தபோதும் செலவு இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தாங்கும் வழியை இந்த ஊர் கண்டுபிடித்தது. ஒரு நூற்றாண்டு உழைத்து மருத்துவம் காயத்தை ஒரு சாணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்திருக்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் ஆற எடுக்கும் நாட்களுக்குக் கூலி தருவது அரசின் வேலை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி வேண்டும்.