பின்படலைத் தபால்

2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின்சாரம் நின்ற நாள்களிலே, மாணவர் ஒருவர் எம்மிடம் ஓடி வந்தார். பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் அனுமதிக் கடிதம் எமது கல்லூரி முகவரிக்கு மின்னஞ்சலாக வரவேண்டியிருந்தது. அதனை வாங்கும் கணினியோ மூலையில் உயிரற்றுக் கிடந்தது. “கடிதம் திரும்பிப் போயிருக்குமோ, சேர்?” என்றார்.

“அஞ்சவேண்டாம், தம்பி” என்றோம். வீடு பூட்டியிருந்தால் தபாற்காரர் மறுநாளும் வருவாரன்றோ? மின்னஞ்சல் விதியும் அதுவே. அனுப்பும் கணினி அரைமணிக்குக் குறையாத இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் முயலவேண்டும். நான்கைந்து நாளேனும் கைவிடலாகாது. கடிதம் அன்றிரவே வந்து சேர்ந்தது.

நிற்க. அந்த அச்சம் எம்மை விட்டபாடில்லை. வேற்றூரில், வேறு மின்சாரத்தில் இயங்கும் மாற்றுச் சேவையகம் ஒன்றை அமைத்தோம். கல்லூரியின் இணையப் பெயருக்குரிய எம்.எக்ஸ். பதிவில் எமது கணினிக்கு 10, மாற்றுக்கு 20 என இலக்கமிட்டோம். சிறிய இலக்கமே முதலில் நாடப்படும். அது வாய் திறவாவிடின் அடுத்தது கடிதத்தை வாங்கி வைத்து, பின்னர் ஒப்படைக்கும்.

மாதமொன்று செல்லுமுன் குப்பை அஞ்சல் வெள்ளமாய்ப் பாய்ந்தது. முன்படலையில் நாயைக் கட்டிவிட்டுப் பின்படலையைத் திறந்து வைத்திருந்தோம்! காவல் தளர்ந்திருக்கும் என்றெண்ணியே இக்கயவர் பெரிய இலக்கத்தைத் தேடி வருகின்றனர். அன்றியும், கல்லூரியில் யார் யார் உளர் என்பதை மாற்றுக் கணினி அறியாது. இல்லாத பெயர்களுக்கு வந்தவற்றையும் அது ஏற்றது. எமது கணினி மறுத்தபோது அவற்றைத் திருப்பியனுப்பியது. திருப்பியது யாருக்கு? கயவர் களவாடிய முகவரிக்குரிய அப்பாவிகளுக்கு! சில நிறுவனங்கள் எம்மையே கறுப்புப் பட்டியலிற் சேர்த்துவிட்டன. ஊருக்கு உபகாரம் செய்யப்போய் உபத்திரவமானோம்.

பிழை எமதே. முகவரிப் பட்டியலின் படியொன்று இப்பொழுது இரவுதோறும் அங்கே செல்கிறது. குப்பையை வடிக்கும் சல்லடையும் இரண்டிடத்திலும் ஒன்றே. இன்னுமொன்று: போஸ்ட்பிக்ஸ் என்னும் மென்பொருள், மாற்றாதவிடத்து, கடிதத்தை ஐந்து நாளே காத்து வைக்கும். அனுப்புவோரும் ஏறக்குறைய அத்தனை நாள் முயல்வாராயின் நாம் கண்ட இலாபம் யாது? ஆதலால் அதனைப் பதினைந்து நாளாக்கினோம்.

இவ்வளவு பராமரிப்புக்கு ஆளில்லாத சிறு கல்லூரிகள் எம்மிடம் யோசனை கேட்டால், மாற்றுச் சேவையகத்துக்குச் செலவிடும் பணத்தில் நல்ல மின்கலமொன்றை வாங்குங்கள் என்றே சொல்லி வருகிறோம்.